மகரோவ்னு ஒரு ரஷ்ய அட்மிரல், 36 நாள் பதவிக்கா இவ்வளவு பேரு?

கடைமடை வாசகன் (திருத்துறைப்பூண்டி பக்கம்):

எல்லாருக்கும் வணக்கம். 1904ல நடந்த ரஷ்யா ஜப்பான் சண்டையைப் பத்தி படிச்சிக்கிட்டு இருக்கேன், நடவு முடிஞ்சு கொஞ்சம் கை ஓய்ஞ்ச நேரம், ராத்திரில போன்ல கிடைக்கிறதையெல்லாம் படிக்கிறேன். அதுல ஸ்டெபான் மகரோவ்னு ஒரு அட்மிரல் வர்றாரு. சீனக் கரையில ரஷ்யா கையில இருந்த போர்ட் ஆர்தர் துறைமுகத்துக்கு 1904 மார்ச் 8ந்தேதி வந்து சேர்றாரு, ஏப்ரல் 13ந்தேதி கப்பலோட முழுகி செத்துப் போயிடுறாரு. கணக்குப் பார்த்தா 36 நாள்தான். ஆனா எதைத் தொறந்தாலும் அவர் மட்டும் உயிரோட இருந்திருந்தான்னுதான் எழுதி வெச்சிருக்காங்க. ரஷ்யாவுல அவர் பேர்ல கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கு, பீட்டர்ஸ்பர்க் பக்கத்துக் கடற்படை ஊரான கிரோன்ஷ்டாட்ல சிலை இருக்கு, எதிரி நாடான ஜப்பான்லயே இஷிகாவா தகுபோக்குன்னு ஒரு கவிஞர் இவருக்கு இரங்கல் கவிதை எழுதியிருக்காரு.

எனக்கு உறுத்துறது என்னன்னா அந்த 36 நாள்ல பெருசா ஒரு சண்டையும் ஜெயிச்ச மாதிரி தெரியல. அப்ப இந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சு, நடுவுல செத்துட்டாருன்னு வந்த அனுதாபமா, இல்ல அதுக்கு முன்னாடி ஏதாவது பெருசா பண்ணியிருக்காரா? இன்னொன்னு, சாதாரண சிப்பாய்க் குடும்பம்னு ஒரு எடத்துல போட்டிருக்கு, ஜார் காலத்துல அட்மிரல்னா பிரபு வீட்டுப் பிள்ளைங்கதானே, இவர் எப்படி மேல வந்தாரு? கப்பல்ல வேலை பார்த்தவங்க, கடல் தொழில் பண்றவங்க, சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறவங்கன்னு இங்க நிறைய பேர் இருக்கீங்க. விவரமாவே சொல்லுங்க, நீளமா இருந்தாலும் பரவாயில்ல படிச்சிடுறேன்.


நாகை இன்ஜின்ரூம்:

தம்பி, அந்த 36 நாளை வெச்சு இந்த மனுஷனை அளக்காதீங்க. நான் கப்பல்ல இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவன், எனக்கு அவர் சண்டை போட்ட அட்மிரல்ங்கிறது ரெண்டாம்பட்சம், ஓட்டை விழுந்த கப்பலை முழுகாம வெச்சுக்கிறது எப்படின்னு முறையா உக்காந்து யோசிச்ச ஆளுங்கள்ல அவர்தான் முன்னால நிக்கிறாரு.

குடும்பத்தை முதல்ல சொல்லிடுறேன். பொறந்தது 1849 ஜனவரி, கருங்கடல் பக்கம் நிகோலாயெவ்ங்கிற ஊர்ல, இப்ப அது உக்ரைன்ல இருக்கு. அப்பா கப்பற்படையில அடிமட்டத்துலேருந்து ஏறி ஏறி கடைசில ஒரு சின்ன அதிகாரி ஆனவர், அதுக்கு மேல அந்தக் குடும்பத்துக்குப் பின்புலம் கிடையாது. 1858ல குடும்பம் ரஷ்யாவோட கிழக்குக் கோடிக்கு, அமூர் ஆறு கடல்ல சேர்ற எடத்துல இருக்கிற நிகோலாயெவ்ஸ்க்குக்குப் போயிடுது. அங்க இருந்த நேவிகேட்டர் பள்ளிக்கூடத்துலதான் பையனைச் சேர்த்தாங்க. அந்தக் காலத்து ரஷ்யக் கப்பற்படையில நேவிகேட்டருங்க தனி வரிசை, வழி சொல்லலாம், கணக்குப் போடலாம், ஆனா கப்பலுக்கு கேப்டனா ஆகுற வரிசை அது இல்ல, அந்த வரிசை குடும்பப் பேர் இருக்கிறவங்களுக்கு. இவர் முதல் மார்க்ல பாஸ் பண்ணி, கூட வேலை பார்த்த மேலதிகாரிங்க சிபாரிசு பண்ணி, தனியா அனுமதி வாங்கித்தான் அந்தப் பக்கம் தாண்டி வந்தாரு. 1869ல அதிகாரி ஆகுறாரு. ஆக அவரைத் தூக்கி விட்டது சொந்தபந்தம் இல்ல, படிப்பும் அவரைப் பார்த்த ரெண்டு மூணு நல்ல மேலதிகாரிங்களும்தான்.

அதே 1869ல ருசால்கான்னு ஒரு சின்ன கவசக் கப்பல்ல இருக்காரு. பின்லாந்து பக்கம் பாறை நிறைஞ்ச கடல்ல போறப்ப அடியில தட்டி ஓட்டை. ஓட்டை ஒன்னும் பிரமாதமா பெருசு இல்ல, ஆனா தண்ணி நிக்காம ஏறுது, ஏன்னா கப்பல்ல பெரிய பம்ப் இருந்தும் ஓட்டை விழுந்த அந்தப் பகுதிக்கு பம்ப்போட பைப் போகல, தண்ணி பம்ப் இருக்கிற எடத்துக்கு வந்தாத்தான் இறைக்க முடியும்ங்கிற நிலைமை. கடைசில ஆழம் கம்மியான எடத்துல தரை தட்ட விட்டுத்தான் காப்பாத்துனாங்க. இருபது வயசுப் பையன் இதைப் பார்த்துட்டு சும்மா விடல. அடுத்த வருஷம், 1870ல, கப்பற்படைப் பத்திரிகையில ஒரு கட்டுரை எழுதுறாரு.

அதுல அவர் சொன்னது இன்னிக்கும் எங்க வேலைதான். கப்பலோட அடியில இருக்கிற ஒவ்வொரு அறையிலேருந்தும் பெரிய பம்ப்புக்கு நேரா பைப் லைன் வரணும். ஓட்டையை வெளிப்பக்கமா மூடுற கித்தான் பாயை, கொலிஷன் மேட்டுன்னு சொல்லுவோம், கயிறோட முன்கூட்டியே ரெடியா வெச்சிருக்கணும், ஓட்டை விழுந்த அப்புறம் தைக்க உக்காரக் கூடாது. அறைங்களுக்கு நடுவுல இருக்கிற தடுப்புச் சுவர், பல்க்ஹெட்டுன்னு சொல்லுவோம், உண்மையிலேயே தண்ணி தாங்குமான்னு தண்ணியை ரொப்பிப் பார்க்கணும், வரைபடத்துல கோடு போட்டிருக்குன்னு நம்பக் கூடாது. இதுக்கெல்லாம் மேல ஒன்னு சொன்னாரு பாருங்க, ஒரு பக்கம் தண்ணி பூந்து கப்பல் சாஞ்சா எதிர்ப்பக்க அறைக்குள்ள நாமளே தண்ணியை விட்டு நேராக்கணும்னாரு. கேக்குறவங்களுக்கு அப்ப பைத்தியக்காரத்தனமா தெரிஞ்சிருக்கும், முழுகுற கப்பலுக்குள்ள இன்னும் தண்ணி விடுறதான்னு. ஆனா கப்பல் கனம் கூடி மெதுவா இறங்குறதுக்கு நேரம் எடுக்கும், அந்த நேரத்துல பம்ப் ஓட்டலாம், படகு இறக்கலாம், ஆளுங்களை ஏத்தலாம். சாஞ்சு கவுந்துச்சுன்னா நிமிஷக் கணக்கு, உள்ள இருக்கிறவன் ஒருத்தனும் மேல வர முடியாது.

இதை மேல இருக்கிறவங்க கேட்டுக்கிட்ட வேகத்தைப் பார்த்தா வயிறு எரியும். 1893ல பிரிட்டிஷ்காரங்களோட விக்டோரியாங்கிற பெரிய போர்க்கப்பல் லெபனான் கரைக்கிட்ட இன்னொரு கப்பல் மோதி கவுந்து 358 பேர் செத்தாங்க, மகரோவ் அந்தக் கப்பலுக்கு ஒரு மாதிரி செஞ்சு தண்ணியில விட்டு எப்படிக் கவுந்துச்சுன்னு அதிகாரிங்களுக்குக் காட்டினாரு. அதே 1893ல அவரோட பழைய ருசால்காவும் தாலின்லேருந்து ஹெல்சிங்கிக்குப் போற வழியில புயல்ல சிக்கி 177 பேரோட முழுகிடுச்சு, ஒருத்தர் கூட பொழைக்கல. இன்னிக்கு எந்தக் கப்பல்ல ஏறுனாலும் டேமேஜ் கண்ட்ரோல் பிளான்னு ஒரு படம் மாட்டியிருக்கும், எந்த அறை எங்க இருக்கு, எந்த வால்வு எதுக்கு, எந்தப் பம்ப் எங்கேருந்து இழுக்கும்னு. எங்க பசங்க அதைத் தாண்டிப் போயிட்டே இருப்பாங்க. நான் ஒவ்வொருத்தனையும் நிக்க வெச்சுப் படிக்கச் சொல்லுவேன்.


முகத்துவாரம் (பழையாறு):

இன்ஜின்ரூம் அண்ணன் சொன்னது கப்பல் பக்கம். நாங்க கடல் தொழில் பண்ற குடும்பம், எனக்கு இந்த ஆளைப் பிடிச்சதுக்கு காரணமே வேற, அவர் தண்ணியை அளந்தவர்.

1881ல அவரை இஸ்தான்புல்லுக்கு அனுப்புறாங்க, தமான்னு ஒரு நீராவிக் கப்பல், ரஷ்யத் தூதரகத்துக்கு துணையா அங்கேயே நிக்கணும், அவ்வளவுதான் வேலை. வேற யாரா இருந்தாலும் விருந்து சாப்பிட்டுட்டு இருந்திருப்பாங்க. இவர் பாஸ்பரஸ் ஜலசந்தியில தண்ணி ஓடுறதைப் பார்க்க ஆரம்பிச்சிட்டாரு. மேல்தண்ணி கருங்கடல்லேருந்து மர்மரா கடல் பக்கமா வேகமா ஓடுது, அது எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியும். அடியில எதிர்ப்பக்கமா ஒரு ஓட்டம் இருக்குன்னு அங்க மீன் பிடிக்கிறவங்களுக்கு முன்னமே தெரியும், 200 வருஷத்துக்கு முன்னாடியே மார்சிலின்னு ஒரு இத்தாலிக்காரர் அதை எழுதியும் வெச்சாரு, ஆனா கப்பற்படையிலயும் படிச்சவங்க மத்தியிலயும் சந்தேகம் விடல. மகரோவ் நடு ஜலசந்திக்கு படகுல போயி ஒரு பீப்பாயில கனம் ஏத்தி ஆழத்துல எறக்குனாரு. பீப்பா கீழ போனதும் படகை அது எதிர்ப்பக்கமா இழுத்துக்கிட்டுப் போச்சு. மேல ஓடுற தண்ணியை எதிர்த்துக்கிட்டு துடுப்பே போடாம படகு போகுது!

எங்க ஊர்க்காரங்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதே இல்ல. கொள்ளிடம் கடல்ல விழற எடத்துல ஆத்துல தண்ணி வர்ற காலத்துல பாருங்க, மேல நல்ல தண்ணி கடல் பக்கம் போயிட்டு இருக்கும், அடியில உப்புத் தண்ணி உள்ள ஏறிட்டு இருக்கும். உப்புத் தண்ணி கனம், அது அடியில பூந்துதான் வரும். கருங்கடலும் அதே கதைதான், டான்யூப் தினியெப்பர் டான்னு பெரிய பெரிய ஆறெல்லாம் அதுல கொட்டுது, அதனால மேல்தண்ணியில உப்பு கிலோவுக்கு 18 கிராம் கணக்குதான், மத்தியதரைக் கடல் பக்கம் 38 கிராம் வரைக்கும் இருக்கு. ஆறு கொட்டுற தண்ணி மேல வழிஞ்சு வெளிய போகுது, கனமான உப்புத் தண்ணி அடி வழியா உள்ள வருது.

ஆனா தெரியும்னு சொல்றது வேற, அளந்து சொல்றது வேற. அவர் ஓட்டத்தோட வேகத்தைக் கணக்குப் பண்ண தானே ஒரு கருவி செஞ்சாரு, எத்தனை ஆழத்துல ஓட்டம் திரும்புது, ஒவ்வொரு ஆழத்துலயும் சூடு எவ்வளவு, உப்பு எவ்வளவுன்னு எடம் எடமா எறக்கி எழுதுனாரு. 1885ல அது புத்தகமா வந்துச்சு, ரஷ்ய அறிவியல் அகாடமி பரிசு கொடுத்துச்சு. அப்புறம் 1886லேருந்து 1889 வரைக்கும் வித்யாஸ்னு ஒரு போர்க்கப்பலுக்கு கேப்டனா உலகத்தைச் சுத்தி வர்றாரு, அது ஆராய்ச்சிக் கப்பல் கிடையாது, யாரும் அவரை ஆராய்ச்சி பண்ணச் சொல்லவும் இல்ல. போன வழியெல்லாம் தண்ணி எடுத்து வெப்பமும் அடர்த்தியும் அளந்தாரு, 1894ல வித்யாஸும் பசிபிக் பெருங்கடலும்னு ரெண்டு பாகம் எழுதுனாரு. மொனாக்கோல இருக்கிற கடல் மியூசியத்தோட முகப்புல பேர் போன ஆராய்ச்சிக் கப்பல்களோட பேரு செதுக்கியிருக்கு, அதுல வித்யாஸும் ஒன்னு.

அவர் ஆளுங்களுக்கு வெச்ச விதி ஒன்னு உண்டு, பார்த்ததை எழுது, பார்க்காததை எழுதாதே. நாலு மணிக்கு ஒரு தடவை வெப்பம் எடுக்கணும்னா நாலு மணிக்குத் தூங்கிட்டா அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுடு, முன்னாடி பின்னாடி பார்த்து ஊகிச்சு ரொப்பாதே. இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அவர் மேல பெரிய மரியாதை.


குடந்தை வாத்தியார்:

ரெண்டு பேரும் அருமையா சொல்லியிருக்கீங்க. வாசகன் தம்பி கேட்ட சண்டைப் பக்கத்தை நான் சொல்றேன், அவர் சண்டையே ஜெயிக்கலன்னு நினைச்சுக்க வேணாம்.

1877ல ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் சண்டை. கிரிமியப் போர்ல தோத்ததால 1856ல போட்ட ஒப்பந்தப்படி ரஷ்யா கருங்கடல்ல போர்க்கப்பலே வெச்சுக்கக் கூடாதுன்னு இருந்துச்சு, 1871ல அந்தத் தடை நீங்குனாலும் கப்பல் கட்ட நேரம் இல்ல. துருக்கிகிட்ட பெரிய பெரிய கவசக் கப்பலுங்க. மகரோவ் என்ன யோசனை சொன்னாருன்னா, வேகமா போற ஒரு பயணிகள் கப்பலை எடுத்து அதுல நாலு சின்ன நீராவிப் படகை ஏத்திக்கிட்டு எதிரி துறைமுகத்துக்குப் பக்கத்துல போயி ராத்திரில படகுங்களை எறக்கி விட்டுத் தாக்குறது. கிராண்ட் டியூக் கான்ஸ்டன்டின்னு கப்பல் பேரு, அதுக்கு இவரே கேப்டன். முதல் தடவை பாத்தூம்ங்கிற துருக்கித் துறைமுகத்துல வெடி வெடிக்கல. சந்திர கிரகணம் நடந்த ராத்திரியில, நிலா மறையுற நேரத்தைக் கணக்குப் பண்ணி சுகூமிகிட்ட ஒரு துருக்கிக் கவசக் கப்பலைத் தாக்குனாங்க. கடைசில 1878 ஜனவரி 26 விடிகாலை பாத்தூம்ல செஸ்மா, சினோப்னு ரெண்டு படகு டார்பிடோவை விட்டு இன்திபாங்கிற துருக்கி நீராவிக் கப்பலை முழுகடிச்சுது. தானா ஓடுற டார்பிடோவால உலகத்துலயே ஒரு கப்பல் முழுகுனது அதுதான் முதல் தடவை. அப்ப அவருக்கு வயசு 29.

1890ல ரியர் அட்மிரல், அந்தப் படையிலேயே வயசு கம்மியானவர். அப்புறம் பீரங்கிப் பிரிவுக்கு தலைமை, கவசத்தைத் துளைக்கிற குண்டோட மூக்குல மெத்துன்னு இரும்புத் தொப்பி மாட்டுற யோசனை அப்ப வந்ததுதான்.

இனிமே போர்ட் ஆர்தர். அந்தத் துறைமுகம் உள்ளே பத்திரமான குளம் மாதிரி, ஆனா உள்ள போற வழி குறுகலு, ஆழம் இல்ல, கடல் நீர் ஏத்தம் இருக்கிறப்பதான் பெரிய கப்பல் போக வர முடியும். அதனால ரஷ்யக் கப்பலுங்களை வெளிய திறந்த கடல்லேயே நங்கூரம் போட்டு வெச்சிருந்தாங்க. 1904 பிப்ரவரி 8ந்தேதி கிரோன்ஷ்டாட்ல இருந்த மகரோவ் கப்பற்படை மந்திரி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுறாரு, இப்ப கப்பலுங்களை உள்ள கொண்டு போகலன்னா முதல் ராத்திரித் தாக்குதல்ல பெரிய விலை கொடுத்துட்டு அப்புறம் உள்ள கொண்டு போவோம்னு. அதே ராத்திரி ஜப்பானோட டெஸ்ட்ராயருங்க, டார்பிடோ விடுற சின்ன வேகக் கப்பலுங்க, வந்து ரெண்டு பெரிய போர்க்கப்பலையும் குரூசர்ங்கிற நடுத்தரப் போர்க்கப்பல் ஒன்னையும் ஓட்டை போட்டுட்டுப் போயிடுச்சு. அப்புறம்தான் அவரைக் கூப்பிட்டு அனுப்புறாங்க.

மார்ச் 8 வந்தாரு. 10ந்தேதி ஸ்டெரெகுஷ்சின்னு ஒரு சின்ன டெஸ்ட்ராயர் ஜப்பான்காரங்ககிட்ட மாட்டிக்கிச்சுன்னு சேதி வந்ததும் வைஸ் அட்மிரல் தகுதியில இருக்கிறவர் நோவிக்குன்னு ஒரு சின்ன குரூசர்ல தானே ஏறிப் போறாரு. காப்பாத்த முடியல, ஆனா திரும்பி வர்றப்ப துறைமுகத்துல நின்ன மாலுமிங்க அத்தனை பேரும் பார்த்தாங்க, நமக்காக கடலுக்குப் போற தலைவன் வந்துட்டான்னு. அதுக்கு முன்னாடி மொத்தப் படையும் வெளிய வர ரெண்டு ஏத்தம் காத்திருக்கணும், ஒரு நாள் போயிடும். இவர் ஒரே ஏத்தத்துல எல்லாத்தையும் வெளிய கொண்டு வந்து காட்டினாரு. ஜப்பான்காரங்க பழைய கப்பலுங்களை வாசல்ல முழுகடிச்சு வழியை அடைக்கப் பார்த்ததும் பலிக்கல. 36 நாள்ல பண்ணது இதுதான் தம்பி, சோர்ந்து கிடந்த ஒரு படையை கடலுக்குப் போகப் பழக்குனாரு.


காரைக்கால் கரையோரம்:

எல்லாரும் புகழ்றீங்க, நானும் மதிக்கிறேன், ஆனா ஏப்ரல் 12 ராத்திரியை விட்டுட்டுப் பேசக் கூடாது. அன்னிக்கு ராத்திரி துறைமுகத்துக்கு வெளிய சில கப்பலுங்க நிழல் சர்ச்லைட்ல தெரிஞ்சுது. சுடலாமான்னு கேக்குறாங்க. வெளிய போன நம்ம டெஸ்ட்ராயருங்களா இருக்கும்னு சுட வேணாம்னு சொல்லிட்டாரு, எடத்தைக் குறிச்சு வெச்சு காலைல அங்க கண்ணிவெடி கிடக்கான்னு கடலை அரிச்சுப் பார்க்கணும்னு மட்டும் சொன்னாரு. அது கோர்யோ மாருங்கிற ஜப்பான் கப்பல், கண்ணிவெடி போட்டுட்டுப் போயிடுச்சு.

காலைல ஸ்ட்ராஷ்னின்னு ஒரு டெஸ்ட்ராயரை ஜப்பான்காரங்க சூழ்ந்துட்டாங்க, பயான் குரூசர் போகுது, இவரும் பெட்ரோபாவ்லோவ்ஸ்க் கப்பல்ல ஏறிப் பின்னாடியே போறாரு. கண்ணி அரிக்கவே இல்ல. வெளிய ஜப்பான் அட்மிரல் டோகோவோட மொத்தப் படையும் தெரிஞ்சதும் கரைப் பீரங்கிங்களோட பாதுகாப்புக்குத் திரும்பி வர்றப்ப, எப்பவும் கப்பலுங்க திரும்புற அதே எடத்துல கண்ணியில மோதுச்சு. முன்பக்கம் வெடிமருந்து அறை வெடிச்சு ரெண்டு நிமிஷத்துக்குள்ள கப்பல் முழுகிடுச்சு. அறுநூத்துச் சொச்சம் பேர் செத்தாங்க. அவரோட கோட்டு மட்டும்தான் கிடைச்சுது.

டார்பிடோவும் கண்ணிவெடியும் அவரோட சொந்தத் துறை. மத்தவன் பண்ணா அறியாமைன்னு விடலாம். அதோட, கவசமே இல்லாத 3,000 டன் வேகக் கப்பலுங்க போதும்னு எழுதிக்கிட்டே இருந்தாரு, அடுத்த வருஷம் ரஷ்யா தோத்த சுஷிமா கடல் சண்டையில கவசக் கப்பலுங்களோட பெரிய பீரங்கிங்கதான் முடிவைச் சொல்லுச்சு. பெரிய அறிஞர், சரி. பெரிய தளபதின்னு சொல்ல எனக்கு மனசு வரல.


கடைமடை வாசகன்:

அய்யோ இவ்வளவு விஷயம் இருக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த பீப்பா விஷயத்தை எங்க அப்பாகிட்ட சொன்னேன், உடனே புரிஞ்சிக்கிட்டாரு. ரெண்டு சந்தேகம். யெர்மாக்னு ஒரு ஐஸ் உடைக்கிற கப்பலும் இவரோடதுன்னு பார்த்தேன், அது என்ன? அப்புறம் பெட்ரோபாவ்லோவ்ஸ்க்ல ஒரு ஓவியர் இருந்தாருன்னு போட்டிருக்கே, சண்டைக் கப்பல்ல ஓவியருக்கு என்ன வேலை? காரைக்கால் அண்ணன் கேட்டதுக்கு வாத்தியார் சார் பதில் சொல்லணும், அதுதான் என் முதல் கேள்வியும்.


நாகை இன்ஜின்ரூம்:

யெர்மாக் அவர் கனவு. 1897ல வட துருவத்துக்கு ஐஸை உடைச்சுக்கிட்டே நேரா போகலாம்னு பேச ஆரம்பிச்சாரு. நிதி மந்திரி விட்டே காசு கொடுத்தாரு, ஏன்னா குளிர்காலத்துல பால்டிக் துறைமுகமெல்லாம் உறைஞ்சு வியாபாரம் நின்னு போகும், அதுக்கு வழி கிடைக்கும்ல. இங்கிலாந்து நியூகாசில்ல ஆம்ஸ்ட்ராங் கம்பெனி கட்டுனது, 10,000 குதிரைசக்தி. கப்பல் ஐஸை முட்டி உடைக்கிறது இல்ல, முன்பக்கம் சரிவா இருக்கும், ஐஸ் மேல ஏறி உக்காந்து தன் கனத்தால நொறுக்கும். 1899 மார்ச்ல உறைஞ்ச கடலை உடைச்சுக்கிட்டு கிரோன்ஷ்டாட் வந்தப்ப ஜனங்க ஐஸ் மேலேயே நடந்து வந்து பார்த்தாங்களாம். அந்தக் கோடையில 81 டிகிரி வடக்கு தாண்டிப் போச்சு, ஆனா துருவத்துப் பழைய ஐஸ் இரும்பு மாதிரி, கப்பலோட உடம்புல அடி பட்டுச்சு. 1901ல நோவாயா செம்லியாகிட்ட ஐஸ்ல வாரக்கணக்குல சிக்கிக்கிச்சு, அதோட துருவப் பயணத்தை அரசாங்கம் நிறுத்திடுச்சு. காரைக்கால்காரருக்கு இதுவும் தோல்விக் கணக்குல வரலாம்.

ஆனா ஒன்னு கேளுங்க. 1899 கடைசில அப்ராக்சின்ங்கிற போர்க்கப்பல் பின்லாந்து வளைகுடாவுல ஹோக்லாந்து தீவுகிட்ட பாறையில ஏறிடுச்சு. அதை மீட்கப் போன யெர்மாக்குக்கும் கரைக்கும் சேதி அனுப்ப போபோவ்ங்கிற விஞ்ஞானி கம்பியில்லாத் தந்தி வெச்சாரு, தீவுலேருந்து 40 கிலோமீட்டருக்கு மேல. அதுல வந்த ஆரம்ப சேதிங்கள்ல ஒன்னு, ஐஸ் பாளம் உடைஞ்சு மீனவருங்க கடலுக்குள்ள அடிச்சிட்டுப் போறாங்க, போய்க் காப்பாத்துங்கன்னு. யெர்மாக் போயி 27 பேரை உயிரோட கொண்டு வந்துச்சு. உசுரைக் காப்பாத்துறதுக்கு ரேடியோவைப் பயன்படுத்துன ஆரம்ப நாளு அது, 1900. இங்க கடலுக்குப் போயி திரும்பாதவங்களுக்காக கரையில காத்து நின்னவங்களுக்கு அந்த 27 பேரோட அருமை தெரியும். யெர்மாக் 1964 வரைக்கும் இருந்துச்சு தம்பி, கட்டி 60 வருஷத்துக்கு மேல.


குடந்தை வாத்தியார்:

ஓவியர் விஷயம் முதல்ல. வாசிலி வெரெஷ்சாகின், போர்க்களத்தை நேர்ல பார்த்து வரையுறவர், போரோட கொடுமையை மறைக்காம வரைஞ்சவர். நம்ம நாட்டுக்கும் 1870கள்லயும் 1880கள்லயும் வந்திருக்காரு, தாஜ்மகால் வரைஞ்சிருக்காரு, சிப்பாய்களைப் பீரங்கி வாயில கட்டி பிரிட்டிஷ்காரன் சுடுற படமும் அவரோடதுதான். மகரோவ் அவரைத் தன் கப்பலுக்குக் கூப்பிட்டிருந்தாரு, அன்னிக்குக் காலையில அவரும் அதே கப்பலோட முழுகிச் செத்துட்டாரு.

இங்க மகரோவ் பேரு யாருக்கும் தெரியாததுக்குக் காரணம் உண்டு. ஆசியாக்காரன் ஐரோப்பியனை ஜெயிச்சுட்டான்னு நாடே ஜப்பான் பக்கம் சந்தோஷப்பட்ட காலம் அது, நம்ம திருவையாறுக்காரர் ஜி. சுப்பிரமணிய ஐயர் ஆரம்பிச்ச சுதேசமித்திரன்ல பாரதி சேர்ந்ததும் அந்த 1904 கடைசியிலதான். நியாயமான சந்தோஷம், அதைக் குறை சொல்லல. ஆனா தோத்த பக்கத்துல இருந்த நல்ல மனுஷங்க நம்ம கண்ணுல படாம போயிட்டாங்க.

காரைக்கால் சார், நீங்க சொன்ன ரெண்டும் உண்மை. கண்ணி அரிக்காம போனது தப்பு, கவசம் பத்தின அவர் கருத்தும் நிக்கல. ஆனா அன்னிக்கு ஏன் போனாருன்னா மார்ச் 10ல நோவிக்ல ஏறிப் போன அதே காரணம்தான், வெளிய தன் ஆளுங்க செத்துக்கிட்டு இருக்காங்க. அந்தக் குணத்தாலதான் படை அவர் பின்னாடி வந்துச்சு, அந்தக் குணமே அவரைக் கொன்னுச்சு, ரெண்டையும் பிரிச்சு ஒன்னை மட்டும் வெச்சுக்க முடியாது.

அவர் இருந்திருந்தா ஜெயிச்சிருப்பாங்களான்னா, சண்டை முழுசையும் நான் சொல்ல மாட்டேன், தரையில நடந்ததுக்கு அவர் பொறுப்பு இல்ல, சைபீரிய ரயில் ஒத்தைத் தண்டவாளம். ஆனா ஒரு நாளைச் சொல்லலாம். 1904 மே 15. ஜப்பான் கப்பலுங்க தினமும் ஒரே வழியில போயிட்டு வர்றதைக் கவனிச்சு அமூர்ங்கிற ரஷ்யக் கப்பல் முந்தின நாள் அந்த வழியில கண்ணி போட்டுச்சு, மகரோவை முழுகடிச்ச அதே உத்தி. ஹட்சுசே, யஷிமான்னு டோகோவோட ஆறு பெரிய போர்க்கப்பல்ல ரெண்டு ஒரே நாள்ல போயிடுச்சு. போர்ட் ஆர்தர் மலையில நின்னு ரஷ்யக்காரங்க கண்ணாலப் பார்த்தாங்க. அப்ப தலைமையில இருந்த விட்கெஃப்ட் படையைக் கடலுக்குத் தயாரா வெச்சிருக்கல, சில டெஸ்ட்ராயருங்க மட்டும் போயி விரட்டப்பட்டு திரும்பி வந்துச்சு, பெரிய கப்பல் ஒன்னு கூட நகரல. மகரோவ் இருந்திருந்தா அன்னிக்குக் காலையிலேயே கொதிகலன்ல நீராவி ஏத்தி மொத்தப் படையும் ரெடியா நின்னிருக்கும், அந்த ஒரே ஏத்தத்துல வெளிய வர்ற பழக்கத்தை அவர் அதுக்குத்தான் கொடுத்தாரு. மே 15ஐத் தனியா எடுத்துப் படிச்சுப் பாருங்க தம்பி.